ஏழாம் கேள்விக்கு எங்கள் பதில்

ஸ்டேஷன் வீடு,
கின்லோரன்.
16 பிப்ரவரி 1963, சனிக்கிழமை

அன்புள்ள அண்ணன் லாக்லனுக்கு,

தங்கை இஷ்பெல் எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். நீயும் கிளாஸ்கோவில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை, ஏனென்றால் புத்தாண்டுக்குக்கூட உன்னிடமிருந்து ஓர் அட்டை வரவில்லை. அம்மா மூன்று நாள் தபால்காரரை வாசலில் நின்று பார்த்தாள். பிறகு, "அவன் கை லாரி ஓட்டி ஓட்டி மரத்துப்போயிருக்கும், பேனா பிடிக்க வராது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்தக் கடிதத்தை டன்ஃபாரில், பள்ளிக்கு எதிரே இருக்கும் பெட்டியில் போடுகிறேன். நம் ஊர்ப் பெட்டியில் போட்டால் சாயங்காலத்துக்குள் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். நீ பதில் எழுதினால் பள்ளி விலாசத்துக்கு எழுது.

உன்னிடம் ஓர் உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். பூகோள ஆசிரியை மிஸ் பார்க்லே எங்களுக்கு ஒரு நீண்ட கட்டுரை கொடுத்திருக்கிறார்: நம் பள்ளத்தாக்கும் அதன் வழிகளும். நான் இதுவரை பதினொரு பக்கம் எழுதிவிட்டேன். பீலக் கணவாய் வழியாக மாடு ஓட்டிப் போனவர்களைப் பற்றி எழுதிவிட்டேன். அரசரின் சிப்பாய்கள் அதே தடத்தில் கல் பரப்பிச் சாலை போட்டதையும் எழுதிவிட்டேன். ரயில் வந்தபோது அன்றைய ஜமீன்தார் தன் மாளிகை ஜன்னலில் இருந்து புகை தெரியக்கூடாது என்று பிடிவாதம் பிடித்ததால்தான் ஸ்டேஷன் ஊரை விட்டு ஒன்றேகால் மைல் தள்ளிப் போனது என்பது உனக்குத் தெரியுமா? எனக்கு இப்போதுதான் தெரிந்தது. எழுபது வருஷமாக ஒரு மனிதரின் ஜன்னலுக்காக ஊர் முழுவதும் மழையில் நடந்துகொண்டிருக்கிறது.

நம் ஊரின் பூகோளத்தை நான் இப்படி எழுதியிருக்கிறேன்: ரயில் ஆற்றோடு போகிறது, சாலை கணவாய் மேல் ஏறிப் போகிறது. அதனால் கோடையில் நமக்கு இரண்டு வழி, பனிக்காலத்தில் ஒரே வழி. மிஸ் பார்க்லே ஓரத்தில் "நன்று" என்று எழுதினார்.

இப்போது இருபதாம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டேன். இங்கேதான் நீ வேண்டும். ஒரு லாரி எத்தனை டன் மரம் ஏற்றும்? காட்டிலிருந்து ஆலைவரை ஒரே ஏற்றுதான், ரயிலானால் ஏற்றி இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும் என்று போர்ட்டர் சொன்னார், அது சரியா? உன்னைக் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. கட்டுரைக்காகத்தான் கேட்கிறேன். நீ இந்த ஸ்டேஷனில் அப்பாவின் கீழ் நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டு மர லாரிக்குப் போனவன். இரண்டு பக்கமும் தெரிந்தவர் எனக்கு வேறு யாரும் இல்லை.

கணவாய் மூடி ஐந்து வாரமாகிறது. பனி தந்திக் கம்பத்தின் பாதிவரை நிற்கிறது. ரயில் மட்டும் முன்னால் பனி தள்ளும் கலப்பையைக் கட்டிக்கொண்டு தினமும் வருகிறது. தடம் மாற்றும் நெம்புகோல் உறைந்துபோய், அதை இழுத்ததில் அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. டாக்டர் பிழைக்கும் என்கிறார். ஆனால் பேனா பிடிக்க முடியவில்லை. ஸ்டேஷன் காகிதங்களை எல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன்.

ஓட்டல்காரர் டல்க்லிஷ் போன வாரம் மாவு மூட்டை வாங்க வந்து, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "இந்த ரயில் மட்டும் இல்லேன்னா நாங்க பட்டினி கெடந்தே செத்திருப்போம், ஃபின்லே. இதுதான்யா நம்ம உயிர்நாடி" என்றார். அப்பா, "மூட்டை மூணு. கையெழுத்து இங்க" என்றார்.

மூடப்போகிற ரயில் தடங்களின் பட்டியல் ஒன்று லண்டனில் தயாராகிறதாம். அதில் நாம் இருக்கிறோமா என்று யாருக்கும் தெரியாது. மூடினால் அப்பாவுக்கு வேலையும் போகும், இந்த வீடும் போகும். நான் பள்ளிக்குப் போகும் வழியும் இதுதான். அப்பா அதைப் பற்றிப் பேசுவதில்லை. இரவு ஜெபத்தில் மட்டும், பிரயாணத்தில் இருக்கிறவர்களுக்காக என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். பெயர் சொல்வதில்லை. அந்த வரி வரும்போது அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறாள்.

மறக்காமல் எழுது.

உன் அன்புத் தங்கை,
இஷ்பெல் மக்ஃபேடியன்


கின்லோரன்,
8 ஜூன் 1963, சனிக்கிழமை

அன்புள்ள அண்ணா,

லாரிச் சரக்குச் சீட்டின் பின்பக்கம் நீ எழுதியிருந்த எட்டு வரிகள் கிடைத்தன. நன்றி. அதில் ஏழு வரி மரத்தைப் பற்றி. எட்டாவது வரியில் அம்மாவை விசாரித்திருந்தாய். அப்பாவைப் பற்றி ஒன்றுமில்லை என்பதை நான் கவனித்தேன். கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்தது. ஆனால் அதைப் பற்றி எழுத இப்போது மனமில்லை.

பட்டியலில் நாம் இருக்கிறோம்.

ஆனால் உடனே மூட முடியாதாம். முதலில் ஒரு வாரம் பயணிகளை எண்ண வேண்டும், பிறகு ஊரில் விசாரணை நடத்த வேண்டும். எண்ணிக்கை நன்றாக இருந்தால் தப்பிக்கலாம். மே மாதத் தொடக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று வந்தது. அதில் ஒன்பது கேள்விகள். அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னார், நான் எழுதினேன். எண்ணும் வாரம் மே 30 வியாழன் முதல் ஜூன் 5 புதன் வரை என்று மேலேயே அச்சடித்திருந்தது.

அண்ணா, தேதியைப் பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும். ஜூன் முதல் ஞாயிறு.

ஏழாவது கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: "மேற்படி வாரத்தில் வழக்கமான போக்குவரத்தைப் பாதிக்கக்கூடிய சந்தை, பந்தயம், பொருட்காட்சி அல்லது வேறு கேளிக்கை ஏதேனும் உண்டா? இருப்பின், வேறு வாரம் ஒதுக்கப்படும்."

நான் பேனாவை வைத்துவிட்டு, அது திருவிருந்து வாரம் அல்லவா என்று கேட்டேன். வியாழன் உபவாச நாள், வெள்ளியும் சனியும் ஆராதனை, ஞாயிறு கோயிலில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் பந்தி, திங்கள் ஸ்தோத்திர நாள், ஊரில் ஒரு கடை திறக்காது, ஒருவரும் எங்கும், பள்ளிக்குக்கூட, போகமாட்டார்கள் என்று, அவருக்குத் தெரியாததைச் சொல்வதுபோல, அவரிடமே சொன்னேன். இருபது வருஷமாக அந்தப் பந்தியில் அப்பம் ஏந்துகிற சபை மூப்பரிடம்!

அப்பா கேட்டார்: "அவங்க எதப் பத்திக் கேக்கறாங்க? படி."

படித்தேன்.

"கேளிக்கை. கர்த்தரோட பந்தி கேளிக்கையா?"

இல்லை என்றேன்.

"குதிரைப் பந்தயத்துக்கும் பொருட்காட்சிக்கும் கீழ அதை நான் எழுதணுமா? ரயிலக் காப்பாத்திக்கிறதுக்காக?"

அம்மா அடுப்புப் பக்கமிருந்து, கேள்விக்குக் கீழே எழுத இஷ்டமில்லாவிட்டால் தனியாக ஒரு கடிதம் எழுதினால் என்ன என்று கேட்டாள். அப்பா அதற்கு, எண்ணுவது எண்ணுகிறவர்களின் வேலை, கேட்டதற்குப் பதில் சொல்வது தன் வேலை என்றார். என்னைப் பார்த்து, "இல்லைன்னு எழுது" என்றார்.

எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வார்த்தையையும் அழகாகத்தான் எழுதினேன். அடியில் அப்பா இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

எண்ணுகிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். காரில் வந்தார்கள். டல்க்லிஷ் ஓட்டலில் தங்கினார்கள். வியாழனன்று காலை வண்டியில் மூன்று பேர் ஏறினார்கள், மூவரும் வெளியூர்க்காரர்கள். பக்கத்துச் சபைகளிலிருந்து திருவிருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும், முன்பெல்லாம் ரயிலில் வருவார்களே, இந்த வருஷம் வாடகை பஸ் பிடித்து வந்தார்கள். நான்கு பஸ்கள் கோயில் வாசலிலேயே வந்து நின்றன. ஒன்றேகால் மைல் நடக்க வேண்டியதில்லை என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. வெள்ளி நான்கு பேர். சனி ஆறு. ஞாயிறு வண்டி இல்லை. திங்கள் இரண்டு.

செவ்வாய் காலைதான் டல்க்லிஷுக்கு விஷயம் உறைத்தது. ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். நான் பள்ளி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன், எல்லாம் கேட்டேன்.

"முப்பது டிக்கெட் குடு ஃபின்லே. டன்ஃபாருக்குப் போய்ட்டு வர."

"பத்துப் பேருதான நிக்கறீங்க."

"ஆளுக்கு மூணு தடவ போய்ட்டு வர்றோம். காத்து வாங்க!"

"டிக்கெட் தர்றேன். கேக்கறவங்களுக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல." அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஆனா அந்த ரெண்டு பேரும் எங்கிட்ட வந்து இவங்க தினம் போறவங்களான்னு கேட்டா, இல்லைன்னு சொல்லுவேன்."

எண்ணுகிறவர்கள் இருவரும் நோட்டுப் புத்தகத்தோடு நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் இருமினார். டல்க்லிஷ் பர்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "உன்னையெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டரா போட்டதுக்குப் பதிலா ஒரு கல்லறைக்கு மாஸ்டரா போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வந்த ஒன்பது பேரும் கார்களில் ஏறித் திரும்பினார்கள்.

அன்று இரவு அம்மா என்னிடம் சொன்னாள்: "உங்கப்பாவுக்கு மனசாட்சி இருக்கு, எனக்கு அடுப்பு இருக்கு. இதுல எது அணைஞ்சா வீடு குளிரும்னு உன் பூகோள டீச்சரக் கேட்டுச் சொல்லு."

இப்போது நான் உன்னைக் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். ஊரில் கமிட்டி போட்டிருக்கிறார்கள். டல்க்லிஷ்தான் தலைவர், போதகரும் அதில் இருக்கிறார். விசாரணையில் அவர்கள் வைக்கப்போகிற வாதம் ஒன்றே ஒன்றுதான்: ரயில்வே வேண்டுமென்றே திருவிருந்து வாரத்தைத் தேர்ந்தெடுத்து எண்ணியது, அந்தக் கணக்குச் செல்லாது, மறுபடி எண்ண வேண்டும். எல்லோரும் இதில் ஜெயித்துவிடுவோம் என்று உறுதியாக இருக்கிறார்கள். ஆனால் ரயில்வேயிடம் என் கையெழுத்தில் ஒரு படிவம் இருக்கிறது. அது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் இப்போது உனக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் போய்ச் சொன்னால் கமிட்டி வேறு வாதம் தேட நேரம் இருக்கும், பனிக்காலத்தைப் பற்றி, கணவாயைப் பற்றி, என் கட்டுரையிலேயே நிறைய இருக்கிறது. ஆனால் அப்பா என்ன எழுதினார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் விசாரணை அன்றைக்கு எல்லோர் நடுவே தெரியும். அப்பாவிடம் கேட்டேன். கேட்டால் பதில் சொல்வேன், கேட்காதவர்களிடம் போய்ச் சொல்ல மாட்டேன் என்கிறார். அம்மா, அப்பாவை மீறி எதுவும் செய்யாதே என்கிறாள்.

நீ சொல்வதைச் செய்கிறேன். சொல்லவா, வேண்டாமா? ஒரு வார்த்தை எழுதினால் போதும். லாரிச் சீட்டின் பின்பக்கமானாலும் சரி.

காத்திருக்கும் தங்கை,
இஷ்பெல்


கின்லோரன்,
12 அக்டோபர் 1963, சனிக்கிழமை

லாக்லன் அண்ணாவுக்கு,

நான்கு மாதம் காத்திருந்தேன். தினமும் பள்ளி அலுவலகத்தில் கேட்டேன். கடைசியில் அங்கே இருக்கும் அம்மாள் என்னைப் பார்த்ததுமே இல்லை என்று தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். நீ ஊர் மாறியிருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அம்மா உனக்கு அனுப்பிய காலுறைகள் திரும்பி வரவில்லை. ஆகவே நீ அதே விலாசத்தில்தான் இருக்கிறாய், என் கடிதத்தைப் படித்தாய்.

நான் சொல்லவில்லை. யாரிடமும். நேற்று முன்தினம் விசாரணை நடந்தது.

ஊர் மண்டபத்தில் இடம் போதாமல் ஜன்னல் மேடையில்கூட உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போகும்முன் வெளியே நின்ற கார்களை எண்ணினேன். பத்தொன்பது. ரயிலைக் காப்பாற்ற வந்த கார்கள். மாலை வண்டியில் வந்தவர்கள் நான்கு பேர். நான், பள்ளி முடிந்து வந்த இரண்டு பெண்கள், ரயில்வேயின் வக்கீல். அவர் வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். மிக அழகான தடம் என்று என்னிடம் சொன்னார்.

டல்க்லிஷ் நன்றாகப் பேசினார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழை ஊரின் பக்தியையே ஆயுதமாக்கிப் பணக்கார அலுவலகம் அடித்துவிட்டது என்றார். ஜனங்கள் ஆமோதித்துத் தரையை உதைத்தார்கள். போதகர் எழுந்து, திருவிருந்து வாரம் இன்ன நாள் என்று ஐம்பது வருஷமாக மாறவில்லை, பள்ளத்தாக்கில் குழந்தைக்கும் தெரியும் என்று சாட்சி சொன்னார்.

வக்கீல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். ஐந்தாவது வரிசையிலிருந்தே என் எழுத்து எனக்குத் தெரிந்தது. ஏழாம் கேள்வியைப் படித்தார். பதிலைப் படித்தார். "உங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு வரி எழுதியிருந்தால் நாங்கள் வேறு வாரத்தில் எண்ணியிருப்போம்" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

எல்லாத் தலைகளும் திரும்பின. விசாரணை அதிகாரி அப்பாவை எழுந்திருக்கச் சொல்லி, ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். அப்பா மேசையில் சொன்னதையே அங்கேயும் சொன்னார்: கேளிக்கை உண்டா என்று கேட்டீர்கள், கர்த்தருடைய பந்தி கேளிக்கை அல்ல. அந்த மண்டபத்தில் இருந்த முக்கால்வாசிப் பேர் அந்தப் பந்தியில் அப்பாவின் கையிலிருந்து அப்பம் வாங்கிச் சாப்பிட்டவர்கள். அவர் சொன்னது தப்பு என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. சரி என்றும் ஒருவரும் சொல்லவில்லை. நான் போதகரைப் பார்த்தேன். அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டல்க்லிஷ் கத்தினார்: "ஒரு வரி! ஒரு வரி எழுதினா உன் கை ஒடிஞ்சிருமா?"

எழுதியது நான் என்று சொல்ல எழுந்தேன். அப்பா என் பக்கம் திரும்பாமலே என் கோட்டுக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். "உக்காரு" என்றார்.

வக்கீல் அடுத்த தாளை எடுத்தார். மரம். ஐந்து வருஷத்துக்கு முன் நம் ஸ்டேஷனில் மரம் ஏற்றிய சரக்குப் பெட்டிகள் அறுநூற்றுப் பன்னிரண்டு. போன வருஷம் ஒன்றுமில்லை. கேட்டதும் டல்க்லிஷ் மறுபடி எழுந்து, "மரத்த லாரியில ஏத்திக்கிட்டுப் போனது யாரு? இவரு பெத்த பிள்ளைதான! அப்பன் ஒரு பக்கம் மூடறான், மகன் ஒரு பக்கம் மூடறான்" என்றார். சிலர் சிரித்தார்கள்.

அண்ணா, நான் இதைக் கவனமாக எழுத வேண்டும். அப்பா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். "என் மகன் வேல செஞ்சான், கூலி வாங்கினான்" என்றார். "மறைச்சு செய்யல. உங்க ஓட்டலுக்கு ரெண்டு வருஷமா கரி எதுல வருது டல்க்லிஷ்? நான் இது வரைக்கும் கேக்கல. இப்பவும் கேக்கல."

என் மகன் என்றார். நீ போன நாளிலிருந்து இந்த வீட்டில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அதை அவர் முந்நூறு பேர் நடுவில் சொன்னார், நீ அங்கே இல்லை.

நானும் அம்மாவும் அப்பாவும் ஒன்றேகால் மைல் நடந்து திரும்பினோம். பத்தொன்பது கார்களும் எங்களைக் கடந்து போயின. ஒன்றுகூட நிற்கவில்லை. மழையும் இருந்தது. அதைச் சொல்லாமல் விடலாம், ஆனால் இருந்தது.

இஷ்பெல்


கின்லோரன்,
31 மார்ச் 1964, செவ்வாய்க்கிழமை

அண்ணா,

உனக்கு இனி எழுதுவதில்லை என்று நினைத்திருந்தேன். எழுத வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை கடைசி வண்டி போனது. நீ பத்திரிகையில் படம் பார்த்திருக்கலாம். எஞ்சினுக்குக் கறுப்பு நாடா கட்டினார்கள், பேக்பைப் வாத்தியம் வாசித்தார்கள், ஐந்து பெட்டியிலும் நிற்க இடமில்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தவர்களில் ஒரு பாதிப் பேரை அந்தப் பிளாட்பாரத்தில் நான் இதற்குமுன் பார்த்ததே இல்லை. டல்க்லிஷ் பிளாட்பாரத்தில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று நம் உயிர்நாடியை வெட்டிவிட்டார்கள் என்று பேசினார். அப்பா கடைசிவரை டிக்கெட் கொடுத்தார். போகிற ஊரின் பெயரைத் தவிர வேறெதையும் அவரிடம் யாரும் பேசவில்லை. வண்டி திரும்பி வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, கூட்டம் போட்ட குப்பையைப் பெருக்கினார். நானும் ஒரு துடைப்பம் எடுத்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நவம்பரில் வருஷத்தின் இரண்டாம் திருவிருந்துக்கு முந்தின வாரம் போதகர் வீட்டுக்கு வந்தார். அம்மா தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் வைத்தாள், அவர் தொடவில்லை. சபையில் சமாதானம் வேண்டும், இந்த ஒரு முறை மட்டும் அப்பம் ஏந்தும் மூப்பர்களில் அப்பா இல்லாமல் இருந்தால் நல்லது என்றார். அப்பா சரி என்றார். அந்த ஒரு முறை இன்னும் முடியவில்லை. எந்தப் பந்திக்காக ரயிலை விட்டாரோ அந்தப் பந்தியும் அவருக்கு இல்லை. ஞாயிறுதோறும் நாங்கள் மூவரும் உட்காரும் பெஞ்சில் இன்னும் ஐந்து பேர் உட்காரலாம். யாரும் உட்காருவதில்லை.

அம்மா ஒரு நாள், "போய் ஒரு வாட்டி மன்னிப்புக் கேட்டாத்தான் என்ன, ஊர் வாய் அடங்குமே" என்றாள். அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு, "எதுக்குன்னு சொல்லு, கேக்கறேன்" என்றார். அம்மாவால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. நான் அவரை நினைத்துக் கோபப்படுகிறேன், பிறகு அந்தக் கேள்வி ஞாபகம் வருகிறது. அதனால் கோபம் எல்லாம் உன்மேல் வருகிறது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டேன். சொல் என்றிருந்தால் நான் டல்க்லிஷிடம் போயிருப்பேன். சொல்லாதே என்றிருந்தால், பாதிப் பழியையாவது உன்மேல் போட்டிருப்பேன். நீ ஒன்றும் எழுதவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன். அது இன்னும் உண்மையாகவில்லை, அதனால் எழுதவில்லை.

செய்திகள் இவ்வளவுதான்: ஸ்டேஷன் வீட்டை மே மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். துணிக்கடைக்கு மேலே இரண்டு அறை அம்மா பார்த்திருக்கிறாள். இங்கிருந்து முதல் பஸ் டன்ஃபார் போய்ச் சேரும்போது முதல் இரண்டு பாடம் முடிந்துவிடுகிறது. ஆகவே நான் திங்கள் முதல் பள்ளி விடுதியில் இருப்பேன். அறையில் ஆறு பேர். படிக்க விளக்கு இருக்கிறதாம்.

அப்பாவுக்குக் கிளாஸ்கோ சரக்கு நிலையத்தில் பார்சல் சரிபார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். தங்கப் பட்டை வைத்த தொப்பி இனி இல்லை. அதை நேற்றுத் துலக்கி, காகிதத்தில் சுற்றித் தலைமை அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பினார். ரசீது வேண்டும் என்று எழுதச் சொன்னார். இந்த முறையும் நான்தான் எழுதினேன்.

அவர் வெள்ளிக்கிழமை தனியாக வருகிறார். டன்ஃபார்வரை பஸ், அங்கிருந்து ரயில். பியூக்கனன் தெரு நிலையத்துக்கு மாலை நான்கு இருபத்தைந்துக்கு வண்டி வரும். கையில் ஒரு பெட்டி, ஒரு கோட்டு. தங்குவதற்கு ரயில்வே ஆட்கள் இருக்கும் ஒரு வீட்டு விலாசம் வைத்திருக்கிறார். அந்த ஊரில் அவர் ஒரு நாள்கூட இருந்ததில்லை. உன் விலாசம் அவரிடம் இல்லை. கேட்கவும் இல்லை. ஆனால் போன ஞாயிறு, கிளாஸ்கோ பெரிய ஊரா, ஒருவரை ஒருவர் தற்செயலாகப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மிஸ் பார்க்லேயைக் கேட்டுச் சொல் என்றார். அந்த ஊரில் பத்து லட்சம் பேர் என்று நான் மிஸ் பார்க்லேயைக் கேட்காமலே சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார்.

நீ போ, அண்ணா. லாரியில் போகாதே, நடந்து போ. வெளியே நிற்காதே, உள்ளே பிளாட்பாரத்தில் நில், டிக்கெட் வாங்கிக்கொண்டு நில். அவர் பெட்டியைக் கொடுக்கமாட்டார், பிடுங்காதே. நடந்ததைப் பற்றி ஒன்றும் பேசாதே, உன் பக்கத்து நியாயம் எதையும் சொல்லாதே. வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று மட்டும் கேள். அதற்கு அவர் பதில் சொல்வார்.

கர்த்தர் உங்கள் இருவரையும் ஒரே கூரையின்கீழ் காக்கட்டும்.

இஷ்பெல்